வாழை: இனமும் பெயரும்

சில ஆண்டுகளுக்கு முன்னர் முதுகலை வகுப்பிற் குறிஞ்சிப்பாட்டினைப் பாடஞ் சொல்லிக்கொண்டிருந்தேன். தலைவியும் தோழியும் பறித்துப் பாறைமீது குவித்த பூக்களின் நிரலில் வாழை வந்தவுடன் மாணவர் ஒருவர் எழுந்து, "ஐயா, இது காட்டு வாழையா, நட்ட வாழையா?" என வினவினார். "மலைவாழை" என விடை கூறி மேற்செல்ல முயன்றேன். அவர் விடவில்லை. "எங்கள் ஊர்ப் பக்கத்தில் மலைவாழை என்றால் விருப்பாட்சிப் பழம். அதனைக் கன்று வைத்துப் பயிரிடுகிறார்கள். அதுவா ஐயா?" என்றார். அவர் பழனி மலையடிவாரத்தினர். அவ்வினாவிற்கு அன்று யான் தக்க விடை கூறினேனல்லேன். கூறுதற்கு வேண்டிய அறிவு என்பால் இல்லை என்பதே உண்மை. பின்னர் உழவர் சிலரோடும் பயிர்நூல் வல்லார் சிலரோடும் அளவளாவியும், அவர்தம் நூல்களைப் பயின்றும் அறிந்தவற்றை ஈண்டு எழுதுகின்றேன். தமிழாராய்ச்சி இதழில் பழத்தின் சத்துவரையும் எழுதப் புகுந்தது ஏன் எனச் சிலர் வினவலாம். சொல்லின் பொருளை அறிதற்குப் பொருளையே அறியவேண்டிய இடங்கள் சில உள. வாழை அத்தகையதோர் இடமாகும்.

வாழையை 'மரம்' என்று வழங்குகின்றோம். செடிநூலார் அங்ஙனம் கூறார். நிலத்தின்மேல் நாம் அடிமரமாகக் காண்பது ஒன்றையொன்று தழுவி இறுகிய இலைமட்டைகளின் தொகுதியேயாம். உண்மையான தண்டு நிலத்தினுள்ளே கிழங்காக இருப்பது. பூக்கும் பருவத்தில் அக்கிழங்கினின்று ஒரு தண்டு மட்டைகளின் நடுவே மேலெழுந்து, உச்சியிற் பூவைத் தள்ளுகின்றது. நாம் கறியாக்கி உண்ணும் வாழைத்தண்டு அதுவே. ஒருமுறை ஈன்றதும் தாய் மாய்கின்றது. கிழங்கின் பக்கத்தே எழுந்த கன்று அதனிடத்தைப் பெறுகின்றது. இஞ்சியும் மஞ்சளும் இதற்கு நெருங்கிய உறவின. பட்டினப்பாலை சோணாட்டுத் தோட்டங்களைக் கூறுமிடத்து வாழையையும் மஞ்சளையும் இஞ்சியையும் ஒரே நிரலில் வைத்துள்ளது. புலவர் உறவறிந்து வைத்தார் என்று சொல்ல வரவில்லை. ஒரே வகையான நிலமும் நீரும் வேண்டுவன ஆதலின் அவை ஓரிடத்தே வளர்ந்தன. அவ்வளவே.

தொல்காப்பியர் மரபியலிற் புறத்தே காழுடையவற்றைப் புல் என்றும் அகத்தே காழுடையவற்றை மரம் என்றும் பகுத்தார். வாழைக்கு அகத்தும் காழில்லை, புறத்தும் காழில்லை. அவர் புல்லுக்குரிய உறுப்புப் பெயர்களுள் மடலையும் குலையையும் வைத்தார். மரத்திற்குரியவற்றுள் இலையையும் பூவையும் வைத்தார். நாமோ வாழைக்கு மடல், குலை, இலை, பூ என நான்கனையும் வழங்குகின்றோம். வழக்கில் வாழை இரண்டு வகுப்பிலும் கால்வைத்து நிற்கின்றது என்பது இதனாற் பெறப்படும். 'தென்னோலை' என்பார் 'வாழையோலை' என்னாமையும், 'மாங்குலை' என்னாதார் 'வாழைக்குலை' என்பதும் கருதத்தக்கன. இத்தகைய இடைநிலைச் செடிகளின் உறுப்புப் பெயர்களைத் தொகுத்து ஆராய்தல் ஆய்வு மாணவர்க்கு ஏற்றதொரு பொருளாகும்.

இனி, இதன் பிறப்பிடம். வாழை தமிழகத்திலேயே தோன்றியது என்று மேடைகளிற் கூறக் கேட்டிருக்கின்றோம். அக்கூற்றுக்குச் சான்றில்லை. இன்று உலகம் உண்ணும் வாழைகளிற் பெரும்பாலன இரண்டு காட்டினங்களின் வழிவந்தவை. அவற்றுள் ஒன்று மியூசா அக்யுமினேட்டா என்பது. அது மலேயா, இந்தோனேசியத் தீவுகள், நியூகினி முதலிய இடங்களைத் தாயகமாகக் கொண்டது. மற்றொன்று மியூசா பால்பிசியானா என்பது. அது வடகிழக்கு இந்தியா தொடங்கித் தென்சீனம் வரையில் இயல்பாக வளர்வது. இவற்றின் காய் முழுதும் கறுத்துக் கடினமான விதைகளே நிறைந்திருக்கும். சதை மிகக் குறைவு. மகரந்தம் சேராமலே சதைபற்றும் இயல்பு காட்டுச் செடிகளிற் சிலவற்றில் எப்பொழுதோ தோன்றியது. அதனைக் கண்ட மாந்தர் அச்செடியின் கன்றினைப் பெயர்த்து நட்டனர். விதையற்ற வாழைக்கு அதுவே தொடக்கமாகும்.

பப்புவா நியூகினியின் மேட்டுநிலத்திற் குக் என்னும் சதுப்பு நிலம் ஒன்று உளது. அதனை அகழ்ந்து ஆராய்ந்தோர் 2003ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிபின்படி, ஆண்டு ஏறத்தாழ 7000 ஆண்டுகளுக்கு முற்பட்ட காலத்திலேயே வாழையைப் பயிரிட்டமைக்கு அடையாளங்கள் உள்ளன. வாழையிலையினுள் உருவாகும் நுண்ணிய சிலிக்காத் துகள்களே அவ்வடையாளம். வாழை மெல்லியது. மட்கினால் எச்சம் ஒன்றும் விடாது. பயிரிட்ட வாழைக்கு விதையும் இல்லை. ஆகவே நெல்மணி போலவோ பனங்கொட்டை போலவோ அகழ்வில் இஃது எளிதிற் கிடைப்பதன்று. பழங்காலத் தமிழகத்து வாழையைப் பற்றி அறிதற்கு இலக்கியச் சான்று பெருமதிப்புடையதாதல் இதனாலேயே என்க. அச்சான்றினைப் பிழையாகப் படித்தல் நமக்கு மட்டுமன்றிப் பிற துறையினர்க்கும் கேடு விளைப்பதாகும்.

நியூகினிச் செடியும் மலேயப் பகுதிச் செடியும் மக்களின் பெயர்ச்சியால் ஓரிடத்தே நடப்பட்டுக் கலந்தன. காட்டு வாழைக்கு நிறப்புரிகள் 11 இணை, அஃதாவது 22. கலப்பில் ஒரோவழி ஒரு பெற்றோரின் தொகுதி குறையாமல் முழுதும் வந்தமையால் 33 நிறப்புரிகளுடைய மும்மடிச் செடிகள் பிறந்தன. இவை பருத்த காயும் மிகுந்த விளைவும் உடையன. விதை உண்டாக்கும் ஆற்றலோ பெரிதும் அற்றன. அக்யுமினேட்டாவின் தொகுதியை 'ஏ' என்றும் பால்பிசியானாவின் தொகுதியை 'பி' என்றும் குறித்து, ஒவ்வொரு வகையும் எத்தொகுதிகளின் கூட்டு என்று கூறும் முறையை சிம்மண்ட்சு, செப்பர்டு என்னும் இருவர் 1955ஆம் ஆண்டில் வகுத்தனர். செடியின் 15 அடையாளங்களை நோக்கி ஒவ்வொன்றற்கும் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் இட்டுக் கூட்டுவது அவர்தம் முறை. இலைக்காம்பின் மேற்புறத்து வாய்க்கால் விரிந்து திறந்திருத்தல் 'ஏ'யின் இயல்பு. விளிம்புகள் கூடி மூடியிருத்தல் 'பி'யின் இயல்பு. பூமடல் உதிருமுன் பின்னோக்கிச் சுருளுதல் முன்னதன் இயல்பு. சுருளாது எழுந்து நிற்றல் பின்னதன் இயல்பு.

காவிரிக்கரையில் முதிய உழவர் ஒருவரிடம், காய் இல்லாத காலத்தில் மொந்தனையும் மோரிசையும் எங்ஙனம் வேறுபடுத்துவீர் என்று கேட்டேன். அவர் இலைக்காம்பினைக் காட்டி, "இது வாய் மூடியிருக்கும், அது திறந்திருக்கும்" என்றார். சிம்மண்ட்சு முதலாயினோரை அவர் அறியார். அவர்கள் அளந்து கண்ட அடையாளங்களுள் ஒன்றனையே அவரும் கண்டிருந்தார்.

இத்தொகுதிக் குறியீட்டால் நமக்கு ஒரு பயன் உண்டு. தென்னிந்தியாவின் சிறப்பான வகைகள் பல 'ஏஏபி' கூட்டினைச் சார்ந்தவை. பூவன், இரசதாளி, பச்சைநாடான், விருப்பாட்சி, சிறுமலை, நேந்திரன் ஆகியன எல்லாம் அக்கூட்டின. மொந்தன், பேயன், கற்பூரவள்ளி ஆகியன 'ஏபிபி'. செவ்வாழையும் மோரிசும் 'ஏஏஏ'. குமரி நாட்டு மட்டி 'ஏஏ'. நெய்ப்பூவன் 'ஏபி'. முதற்பிறப்பிடம் வேறாயினும், பல கூட்டுகள் வந்து தங்கி நூற்றாண்டுகள் பலவாக உழவர் கையிற் பல்கிய இரண்டாம் நிலைக்களம் தென்னிந்தியா என்று அறிஞர் கொள்வர். பிறந்த இடம் என்னும் பெருமையினும் இப்பெருமை குறைந்ததன்று என்பது என் கருத்து. தானே முளைத்த செடியைவிட நட்டுப் பேணிய செடியன்றோ மக்களின் அறிவுக்குச் சான்று பகர்வது?

மாணவரின் வினாவிற்கு வருவோம். இன்று தமிழில் 'மலைவாழை' என்பது மூன்று வேறு செடிகளைக் குறிக்கக் கூடும். மேற்குத் தொடர்ச்சி மலையில் இயல்பாகவே வளரும் விதையுள்ள அக்யுமினேட்டா ஒன்று. பாறைச் சரிவுகளில் வளர்வதும், பக்கக் கன்று விடாது விதையாலேயே பெருகுவதும், வேறொரு பேரினத்தைச் சார்ந்ததுமாகிய என்செட்டி ஒன்று. இதனைக் கல்வாழை எனவும் வழங்குவர். அப்பெயரே தோட்டங்களில் அழகுக்காக வைக்கும் மற்றொரு பூச்செடிக்கும் வழங்குதலின் மயக்கம் இன்னும் மிகும். மூன்றாவது, மலைச்சாரலிற் காப்பித் தோட்டங்களின் நிழலில் நட்டு வளர்க்கப்பெறும் விருப்பாட்சியும் சிறுமலையும். முன்னைய இரண்டும் காட்டின. பின்னையது மாந்தர் கைப்பட்டது. 'மலைவாழை' என்று உரை எழுதி அமையும்போது இம்மூன்றனுள் எதனைக் கூறினோம் என்று நமக்கே தெரிவதில்லை.

இவற்றைப் பிரித்தறிதற்கு ஒரு வழி உண்டு. விதையற்ற வாழை தானாகப் பரவாது. குரங்கு தின்று பரப்பாது, பறவையும் பரப்பாது. கிழங்கோடு கன்றினைப் பெயர்த்து ஒருவர் கொண்டுவந்து நடவேண்டும். எனவே சாரலில் மக்கள் விரும்பியுண்ணும் இனிய கனி எனப் பாட்டுக் கூறுமாயின், அங்கே நட்ட கை ஒன்று உண்டு என்று கொள்ளுதல் பொருந்தும். அகநானூற்றின் இரண்டாம் பாட்டினை நோக்குக. கபிலர் பாடியது அது. முதிர்ந்த குலையின் இன்கனியும் சாரற்பலவின் சுளையும் பாறைச் சுனையில் வீழ்ந்து ஊறித் தேறலாயின. அதனை நீரென்று பருகிய கடுவன் ஒன்று, பக்கத்துச் சந்தனமரத்தில் ஏறமாட்டாது பூம்படுக்கையிற் களித்து உறங்கியது. அப்பாட்டு அக்கனியினை உண்பாரைப் பற்றியும் பேசுகின்றது. கடித்த இடமெல்லாம் கல்போன்ற விதை தட்டுப்படும் காட்டு வாழைக்கு அக்கூற்று ஏலாது. ஆதலின் கபிலர் அறிந்த சாரலில் விதையற்ற வாழை பயிரிடப்பட்டது என்று கொள்ளுதற்கு இப்பாட்டு வலிய சான்றாகும் என்பது என் துணிபு. குறிஞ்சி நில மக்கள் தினையும் ஐவனமும் விளைத்தனர் என்று அறிவோம். வாழையும் அவர்கள் விளைத்த பயிர்களுள் ஒன்றாதல் வியப்பன்று.

குறிஞ்சிப்பாட்டின் நிலை வேறு. அங்கே பூவின் பெயர் மட்டுமே உளது. பூ காட்டு வாழைக்கும் உண்டு, நட்ட வாழைக்கும் உண்டு. இரண்டின் மடலும் செந்நிறச் சாயலுடையனவே. அப்பாட்டும் கபிலர் பெயரால் வழங்குவது என்பது கொண்டு, அகப்பாட்டின் வாழையையே ஈண்டும் கொள்ளலாம் என்று ஒருவர் வாதிடலாம். யான் அவ்வளவு செல்ல மாட்டேன். காடும் கொல்லையும் அடுத்தடுத்திருக்கும் சாரலில் மகளிர் இரண்டிடத்தும் பூப்பறிப்பர். 'வாழைப்பூ' என்று எழுதி அமைதலே உரைக்கு நேர்மையாகும்.

சொல்லின் வரலாற்றிலும் இத்தகைய விழிப்பு வேண்டும். வாழை என்பது மலையாளத்தில் வாழ என்றும், கன்னடத்திற் பாளே என்றும், துளுவிற் பாரே என்றும் வழங்குகின்றது. தெலுங்கிலோ அரட்டி என்னும் வேறு சொல் உளது. ஆதலின் இச்சொல் தென்றிராவிட மொழிகளுக்குப் பொதுவானது என்னலாம். அதற்கு மேலும் பழைமை கூறுதற்கு இவ்வளவு சான்று போதாது. 'வாழ்' என்னும் வினையினின்று, வாழையடி வாழையாகத் தழைத்தல் கருதி, இப்பெயர் வந்தது என்பர். ஒலியளவில் இதற்குத் தடையில்லை. கன்னடத்திலும் வாழ்தலைக் குறிக்கும் வினை இவ்வாறே பகரத்தொடு திரிந்து வழங்குகின்றது. ஆனால் ஒலி பொருந்துதல் ஒன்றே வேர்ச்சொல்லை நிறுவாது. பெயர் முன்னர்த் தோன்றி, அதன்மேற் பொருள் பின்னர் ஏற்றப்பட்டிருத்தலும் கூடும். 'கதலி' என்னும் வடமொழி வழக்கினை ஆசுத்திரோ ஆசிய மொழிகளினின்று வந்த கடன்சொல் என்று 1920களிற் பிரெஞ்சு அறிஞர் பிசிலுசுக்கி கருதினார். வாழையோடு கிழக்கிலிருந்து பெயரும் வந்தது என்னும் கருத்து, செடிநூல் கூறும் பரவல் திசையோடு முரணுவதன்று.

உரோமப் புலவர் பிளினி தமிழ் வாழையைக் கூறியுள்ளார் என்று நம்மவர் சிலர் எழுதியுள்ளனர். கி.பி. முதல் நூற்றாண்டில் அவர் எழுதிய பெருநூலின் பன்னிரண்டாம் பகுதியில் இந்திய மரம் ஒன்று வருகின்றது. அதன் பெயர் பாலா. இலை பறவையின் சிறகு போன்றது, மூன்று முழ நீளமும் இரண்டு முழ அகலமும் உடையது. கனி மரப்பட்டையினின்று தோன்றுவது, இன்சாறு மிக்கது, ஒரு கனி நால்வர்க்குப் போதுவது. இந்திய முனிவர் அதனை உண்டு வாழ்வர். இவையே அவர் தரும் செய்தி. இலையினை நோக்க இது வாழை. பட்டையினின்று வெடித்து நால்வர் பசி தீர்க்கும் கனியினை நோக்க இது பலா. பெயரும் 'பலா' என்பதனோடு ஒட்டுகின்றது. 'வாழ' என்பதே 'பாலா' ஆயிற்று என்பார்க்கும் ஒரு துணை உண்டு. கி.பி. 1678இல் வெளிவந்த ஆர்ட்டசு மலபாரிக்கசு முதற்றொகுதியில் மலையாள வாழையின் பெயர் 'பாலா' என்றே எழுத்துப் பெயர்க்கப்பட்டுள்ளது. ஆயினும் பிளினி தம் மரம் மிகுதியாக உள்ள இடம் என்று குறிப்பது அலெக்சாந்தரின் படையெடுப்பு முடிந்த வடமேற்கு நாட்டினை. சேரநாட்டினை அன்று. கேள்விப்பட்ட இரண்டு மரங்களின் செய்தி அவர் நூலில் ஒன்றாகக் கலந்தது என்பதே எனக்குப் பொருத்தமாகத் தோன்றுகின்றது. அகப்பாட்டிலும் வாழையும் பலாவும் ஒரே சுனையில் வீழ்கின்றன. அவற்றைக் கண்ட வெளிநாட்டார் இரண்டனையும் சேர்த்தே கூறியிருப்பர், கேட்டவர் ஒன்றாக்கியிருப்பர்.

பிளினியின் இம்மயக்கம் பின்னரும் தொடர்ந்தது. சுவீடன் நாட்டு இலின்னேயசு 18ஆம் நூற்றாண்டில் வாழைக்கு இருசொற் பெயர் இட்டபோது, ஒன்றற்கு 'முனிவர்க்குரியது' என்னும் பொருள்படச் சேப்பியன்றம் என்றும், மற்றொன்றற்குத் துறக்கத்துக் கனி என்னும் பொருள்படப் பாரடிசியாக்கா என்றும் பெயரிட்டார். இரண்டும் தனியினங்கள் அல்ல, கலப்பினால் வந்த வகைகளே என்பது 20ஆம் நூற்றாண்டின் நடுவிலேதான் தெளிவாயிற்று. நம் பாடநூல்கள் சிலவற்றில் அப்பெயர்கள் இன்னும் தனியினப் பெயர்களாகவே நிற்கின்றன.

வகைப்பெயர்களுக்கு வருமிடத்து அகராதிக்காரர் படும் இடர் பெரிது. நம் அகராதிகள் பல, பூவன் என்றால் 'வாழைவகை', பேயன் என்றால் 'வாழைவகை', மொந்தன் என்றாலும் 'வாழைவகை' என்று கூறி விடுகின்றன. அதனால் எவ்வகை என்று அறிய வழியில்லை. ஒரு சான்று காட்டுவேன். திருச்சிராப்பள்ளியிலும் தஞ்சையிலும் பூவன் என்பது சற்றுப் புளிப்புக் கலந்த இனிப்புடையதாய், மஞ்சள் நிறத்ததாய், நெருங்கிய சீப்புகளுடையதாய் வரும் பழம். கேரளத்திற் பூவன் என்று கேட்டால் அவர்கள் தருவது நம் இரசதாளி. நம் பூவனை அவர்கள் பாளையங்கோடன் என்பர். பாளையங்கோட்டை வழியாகச் சென்ற கன்று ஊர்ப்பெயரையே தன் பெயராகக் கொண்டது போலும். ஆந்திரத்தில் அதுவே கர்ப்பூரச் சக்கரகேளி. இப்பெயரைக் கேட்டு நம் கற்பூரவள்ளி என்று நினைத்தல் பிழை. கற்பூரவள்ளி வேறு கூட்டினது. சிலபோது அதன் சதையிற் கறுத்த விதை தட்டுப்படுவதும் உண்டு. நம் இரசதாளி ஆந்திரத்தில் அமிர்தபாணி, வங்கத்தில் மார்த்தமான். நெய்ப்பூவன் பெயரளவிலேதான் பூவன். கருநாடகத்தார் அதனை ஏலக்கிபாளே என்பர்.

கதலியின் நிலை இன்னும் சிக்கலானது. செய்யுளில் அது வாழைக்குப் பொதுப்பெயர். கேரளத்தில் அது கோயில்களிற் படைக்கும் சிறுபழ வகை ஒன்றன் சிறப்புப்பெயர். குருவாயூரில் நிவேதனமாகும் பழம் அதுவே. யாழ்ப்பாணத்திலோ கதலி என்பது நம் பூவனின் கூட்டத்தைச் சார்ந்ததாகக் கொள்ளப்படுகின்றது. இடைக்காலச் செய்யுள்களிற் கதலி என வருமிடத்து இவற்றுள் எதனைக் கொள்வது? பொதுப்பெயராகக் கொள்ளுதலே பெரும்பாலும் சால்புடைத்து. ஆனால் செய்யுள் செய்தவர் சேரநாட்டவரா, ஈழத்தவரா என்பது தெரிந்தவிடத்து ஒருமுறைக்கு இருமுறை நோக்குதல் வேண்டும்.

குமரி மாவட்டம் இத்துறையில் ஒரு தனிக் களஞ்சியம். செவ்வாழையை அங்கே செந்துளுவன் என்பர். நேந்திரனை ஏத்தன் என்பர். மட்டி என்னும் சிறுபழம் நறுமணமும் தேனின் சுவையும் உடையது. கன்னியாகுமரி மட்டிக்கு 2023ஆம் ஆண்டிற் புவிசார் குறியீடு வழங்கப்பெற்றது. குலை, தார் என்னும் இரு சொற்களின் எல்லையையும் ஈண்டே ஆராயலாம். தென்கோடியிற் குலை என்பதனைக் காவிரி நாட்டார் தார் என்பர். தாறு என்னும் பழஞ்சொல்லின் இன்றைய வடிவம் அது.

பூவன், முகுந்தன், பேயன் என மூவகைக்கும் பெயரிட்டு, பூவிலிருப்போன் நான்முகன், முகுந்தன் திருமால், பேயோடாடுவோன் சிவன் என முத்தேவரையும் வாழையிற் காணும் விளக்கம் ஒன்று நாட்டில் வழங்குகின்றது. கேட்க இனிது. கற்பித்தவர் சமயப் பூசலின்றி மூவரையும் ஒரு தோட்டத்தில் வைத்தமைக்காக அவரைப் போற்றலாம். சொல்லாராய்ச்சிக்கு அது பயன்படாது. உழவர் எவரும் முகுந்தன் என்பதில்லை, மொந்தன் என்பதே வழக்கு. பருமையைக் குறிக்கும் மொத்தை, மொந்தை முதலிய சொற்களோடு அதனை இயைத்தல் காயின் வடிவத்திற்கும் பொருந்தும். மோரிசு என்னும் பெயரோ அயல்வரவு. அப்பச்சைவாழை மோரீசுத் தீவினின்று 1829ஆம் ஆண்டளவில் இங்கிலாந்து சென்று, தெவன்சயர்க் கோமகனின் தோட்டத்தில் வளர்ந்து, அவர் குடிப்பெயரால் 'கேவண்டிசு' என உலகறிந்த இனமாயிற்று. ஆங்கிலேயர் கோமகனின் பெயரை வைத்தனர். நாம் தீவின் பெயரை வைத்துக் கொண்டோம்.

உணவு நலம் பற்றிச் சில. பழுத்த பழத்தின் எடையில் நான்கில் மூன்று பங்கு நீர். கேவண்டிசு இனத்துப் பழம் 100 கிராமில் ஏறத்தாழ 89 கலோரி ஆற்றலும், 23 கிராம் மாவுப்பொருளும், 2.6 கிராம் நாரும், 1.1 கிராம் புரதமும், 358 மில்லிகிராம் பொட்டாசியமும், 0.37 மில்லிகிராம் பி6 உயிர்ச்சத்தும், 9 மில்லிகிராம் அளவிற் சி உயிர்ச்சத்தும் உள. உப்புச்சத்தாகிய சோடியம் மிகக் குறைவு. பி6 உயிர்ச்சத்தில் இது சிறந்த பழம். சி உயிர்ச்சத்திற் கொய்யாவிற்கு அருகிலும் நிற்கமாட்டாது. இரும்புச்சத்துக்கு வாழைப்பழம் உண்க என்று கூறுவாரும் உளர். பழத்தில் அது 100 கிராமிற்கு 0.3 மில்லிகிராமும் நிரம்பாது. பொட்டாசியம் மிகுதி என்பது பலர்க்கு நன்மை. சிறுநீரகம் தளர்ந்தார்க்கு அதுவே தீங்கு. அவர்கள் மருத்துவரைக் கேட்டு உண்ணுதல் வேண்டும்.

காய்க்கும் பழத்திற்கும் உள்ள வேறுபாடு பெரிது. பச்சைக்காயில் எடையில் ஐந்தில் ஒரு பங்களவு மாச்சத்து இருக்கும். பழுக்குங்கால் அதிற் பெரும்பகுதி சர்க்கரையாக மாறி, நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கே எஞ்சும். காயின் மாச்சத்தில் ஒரு பகுதி சிறுகுடலிற் செரியாது பெருங்குடலுக்குச் சென்று ஆண்டுள்ள நுண்ணுயிர்களுக்கு உணவாகும். நேந்திரன் பழுத்த பின்னரும் மாச்சத்து மிக்கது. அதனாலேயே அவித்து உண்ணுதற்கு ஏற்றதாயிற்று. கேரளத்திற் குன்னன் காயை உலர்த்தி மாவாக்கிக் குழந்தைகளுக்குக் கஞ்சி காய்ச்சுவது நெடுநாள் வழக்கம். பழுக்கவைத்தற்குக் கல்வைப்பது சட்டத்தால் தடுக்கப்பட்டது. நம் முன்னோர் செய்த புகைமூட்டமும், இன்று அறைகளில் அளவோடு விடும் எத்திலீன் வளியும் பழத்தின் இயற்கை முறையையே தூண்டுவன. பேயன் குளிர்ச்சி, அது சூடு, இது வாயு என வகைதோறும் குணம் பிரித்துக் கூறும் நம் மருத்துவ மரபினை இவ்வெண்களோடு ஒப்பிட்டு நோக்கும் பணி இன்னும் முறையாக நடைபெற வேண்டியுள்ளது. எண்கள் கேவண்டிசுக்கு உரியன, மரபு பேயனைப் பற்றியது. ஒன்றைக் கொண்டு மற்றொன்றை மறுத்தல் முறையாகாது.

இவ்வகைகள் எல்லாம் நிலைத்து நிற்கும் என்று எண்ணுதற்கில்லை. விதையின்றிக் கன்றினாற் பெருகும் பயிர் ஆதலின், ஒரு வகையின் செடிகள் அனைத்தும் ஏறத்தாழ ஒரே உடம்பு போல்வன. ஒன்றைக் கொல்லும் நோய் அனைத்தையும் கொல்லும். அமெரிக்கப் பெருந்தோட்டங்களில் முன்னாளிற் பயிரான குரோசு மிச்சேல் என்னும் வகை, மண்வழிப் பரவும் பனாமா வாடல் நோயால் அழிந்து, 1960களில் தன் இடத்தைக் கேவண்டிசுக்கு விட்டது. கேவண்டிசையும் கொல்லும் அந்நோயின் புதுவகை ஆசியாவிற் பரவி, 2019இற் கொலம்பியாவிலும் காணப்பட்டது. இந்தியாவிற் பீகார்ப் பகுதியிலும் அது கண்டறியப்பட்டுள்ளது. நம் இரசதாளி பழைய வாடல் நோய்க்கே ஆற்றாதது. விருப்பாட்சியோ முடிக்கொத்து நோயால் பழனி மலைச்சாரலிற் பெரும்பகுதி அழிந்தது. பழனிப் பஞ்சாமிருதத்திற்கு உரிய பழம் அதுவே. பஞ்சாமிருதம் 2019இற் புவிசார் குறியீடு பெற்றது. 1993ஆம் ஆண்டில் திருச்சிராப்பள்ளியில் தொடங்கிய தேசிய வாழை ஆராய்ச்சி நிலையம் பல வகைகளைத் திரட்டி வளர்த்து வருகின்றது. ஆயினும் ஊர்த் தோட்டங்களில் ஜி-9 எனப்படும் திசுவளர்ப்புக் கன்று பரவப்பரவப் பிற வகைகள் வேலியோரத்திற்கு ஒதுங்குகின்றன.

செடியை நிலையத்திற் காக்கலாம். அதன் பெயரை, அப்பெயர் எவ்வூரில் எச்செடியைக் குறித்தது என்பதனைக் காப்பது எவர் கடன்? அது செடிநூலார் பணியன்று. சொற்பட்டி தொகுக்கும் மாணவர் வகைப்பெயரை மட்டும் எழுதிக்கொண்டு வருகின்றனர். அதனோடு ஊரும், இலைக்காம்பின் வாய்க்கால் திறந்ததா மூடியதா என்பதும், பூமடல் சுருளுமா நிற்குமா என்பதும், காயின் முனையும் தோலின் நிறமும், பழமாகவோ கறியாகவோ உண்பது என்பதும் எழுதப்பெறுமாயின் எக்கூட்டினது என்று வல்லார் பின்னர்த் துணிதல் கூடும். சென்ற கோடையில் அம்முறையில் யானும் ஒரு பட்டி தொகுக்கத் தொடங்கினேன். முன்னர்க் கூறிய காவிரிக்கரை முதியவர் பதினொரு பெயர்கள் கூறினார். ஒன்பதற்குத் தம் கொல்லையிலும் அண்டை வயல்களிலும் செடியைக் காட்டினார். ஒன்றினைக் காட்ட அடுத்த ஊருக்கு அழைத்துச் சென்றார். எஞ்சிய ஒன்று தம் தந்தையார் வைத்திருந்தது, பழம் தின்ற நினைவு மட்டும் உண்டு, செடியின் அடையாளம் நினைவில்லை என்றார். பட்டியில் அப்பெயரை எழுதி வைத்துள்ளேன். எதிரில் உள்ள கட்டங்கள் நிரப்பப்படவில்லை.